கூசாவின் கைபிடி

தண்ணீர்க் கூசாவின் கைபிடி உடைந்தபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. பிஸ்கட்டைக் கடித்தது போல ஒரு 'டக்'. கைபிடி வாப்பாவின் கையில் இருந்தது. கூசா மேசையிலேயே இருந்தது.

எனக்கு மூத்தவளான ராத்தா, கப்பல்துறை என்ற ஊரில் மட்பாண்டப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவளைக் கூட்டிவர வாப்பா குறிஞ்சாக்கேணியிலிருந்து மோட்டார்சைக்கிளை எடுத்தால், அவர் கூப்பிடும் முன்பே நான் முன்னால் ஏறியிருப்பேன். அன்று ராத்தா முதல் சூட்டிலிருந்து எடுத்த தன் கூசாவைக் காட்டினாள். கழுத்தைச் சுற்றி மீன்கள் செதுக்கியிருந்தாள். இனி மினுக்கம் தரும் கிளேஸ் பூசி மறுபடியும் சூளையில் வைக்க வேண்டும். பிள்ளைகள் செய்தவற்றில் எது நன்றாக வருகிறதோ, அதைச் செய்தவளைத்தான் டீச்சர் கொழும்புக்கு மேற்பயிற்சிக்கு அனுப்புவார்.

கொழும்பு என்றாலே எங்கள் வீட்டில் சண்டைதான். "பொம்புளப் புள்ள தனியப் போய் அங்க இருக்க ஏலாது" என்பார் வாப்பா. உம்மா எவ்வளவு கதைத்தும் பயனில்லை.

ஆனாலும் கூசாவைக் கண்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. "இது நீ செஞ்சதா மகள்?" என்று தூக்கினார். "வாப்பா, கைபிடியில புடிக்காதீங்க!" என்று ராத்தா கத்தி முடிக்கும் முன்பே அந்த 'டக்'.

ராத்தா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலையே சூளையை மூடிவிடுவார்கள். வாப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை. அவர் தோணி திருத்துபவர். "ரெசின் கொண்டு வாறன்" என்று கிளம்பினார்.

"ஏலாது வாப்பா, சூளைக்குள்ள எரிஞ்சு போயிரும்."

"அப்ப எதால ஒட்டுற?"

அந்தக் கேள்வியில் ராத்தா எழுந்துவிட்டாள். பச்சைக் களிமண்ணால் ஒட்டினால் சூட்டில் சுருங்கி விட்டுவிடும் என்றாள். சுட்ட மண் ஓட்டுத் துண்டுகளையே மாவாக இடித்து, வினாகிரியும் கொஞ்சம் கிளேஸும் சேர்த்துக் குழைத்தால் பிடிக்கலாம் என்றாள். பிடிக்கும் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும். வினாகிரிக்காகக் கடைக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு றோட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது வாப்பா மூச்சுவிடாமல் ஓட்டுத் துண்டுகளை இடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் பழைய சைக்கிள் டியூப்பைக் கீலம் கீலமாக வெட்டினார்.

ராத்தா பொருத்திப் பார்த்தாள்; கைபிடி சரிந்தது. "தா மகள்" என்று வாப்பா கைபிடியை வாங்கினார். பலகையோடு பலகை பொருத்திப் பழகிய விரல்கள். மயிர் நுழையாமல் பொருத்தி, டியூப்பால் சுற்றி, காயும் வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கில் இருந்த ஈயை நான்தான் விரட்டினேன். பிறகு ராத்தா டியூப்பைக் கழற்றி, கிளேஸ் பூசி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டுபோய்ச் சூளையில் வைத்தாள்.

சூளை ஆறித் திறந்த அன்று, என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது மீன்கள்தான். கடல் பச்சையில் மினுங்கின. கைபிடி இருந்தது! ஆனால் டீச்சர் அதோடு விடவில்லை. கூசா நிறையத் தண்ணீர் ஊற்றி, கைபிடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினார். நான் கண்ணைப் பொத்திக்கொண்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. விரலிடுக்கால் பார்த்தேன். கூசா காற்றில் நின்றது.

"கொழும்புக்கு இவதான்" என்றார் டீச்சர்.

ராத்தா என்னைத் தூக்கிச் சுற்றினாள். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள். வாப்பாவை மட்டும் காணவில்லை. ஓடிப் பார்த்தால், வெளியே மோட்டார்சைக்கிளின் சீற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, கைபிடி விடல்ல! நீங்க ஒட்டினது விடல்ல!"

"ஓம் மகள், விடல்ல" என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய சந்தோஷத்தில் யாராவது சீற்றுத் துடைப்பார்களா? தன் கையாலேயே மகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்ட ஒரு மனிதர் வேறு எதைத்தான் செய்வார் என்று யோசிக்கும் வயதில்லை அப்போது எனக்கு. துணியைப் பிடுங்கிக்கொண்டு, அவரையும் குதிக்கச் சொன்னேன்.