சீடிக்குள் இருந்த தலை

என் வீட்டுக் கணினியில் விண்டோஸ் போய் லினக்ஸ் வந்தது என் கோபத்தால். பழைய கணினி, இழுத்து இழுத்துத்தான் ஓடும். திருத்தக் கொண்டுபோனபோது கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், இது இனிப் பழைய இரும்புக்குத்தான் அக்கா என்று சொல்லிப் புதியதொன்றின் விலையைச் சொன்னார். வந்ததே எனக்கு! அதைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பென்டிரைவில் இறக்கி, நானே ஏற்றினேன். நான் பாடசாலை அலுவலகத்தில் கிளார்க். கணினி படித்தவள் இல்லை. வீம்புக்குச் செய்தது சரிவந்துவிட்டது. என் கணவர் அதன்பிறகு, எங்கட வீட்டில் கம்பியூட்டரே இவவுக்குப் பயந்துதான் வேலை செய்யுது என்று கண்டவர்களிடமெல்லாம் கதைத்துத் திரிந்தார்.

அந்த லினக்ஸுக்குள் ஒரு கடை இருக்கிறது. ஒரு படத்தைத் தட்டினால் யன்னல் போலத் திறக்கும். உள்ளே ஆயிரக்கணக்கில் நிரல்கள். எதற்கும் விலை இல்லை. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் பார்ப்பவள். எங்கே காசு கேட்கிறான், எந்த மூலையில் ஏமாற்றப்போகிறான் என்று முதல் கிழமை முழுக்கத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. வானத்து நட்சத்திரங்களைக் காட்ட ஒன்று, பறவைச் சத்தத்தைப் பிரித்துப் பார்க்க ஒன்று, பின்னல் வேலைக்குக் கோலம் போட ஒன்று. கடலின் வற்றுப்பெருக்கைச் சொல்லும் ஒன்றைத் திறந்து அதன் துறைமுகப் பட்டியலில் இறங்கிக்கொண்டே போனால், திருகோணமலை! எங்கள் ஊர்க் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் கணக்கெழுதிச் சும்மா தந்திருக்கிறார். சத்தியமாக எனக்கு மேல் சிலிர்த்தது. என் கணவருக்குக் காட்டினேன். வெளியில் எட்டிப் பார்த்தால் தெரியுமே என்றார்.

இவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். சொந்த ஊர் திரியாய் என்ற கடற்கரைக் கிராமம். வாயைத் திறந்தால் பகிடி, இல்லாவிட்டால் மௌனம். கடந்த மழைக்காலத்தில் இவருக்குத் தலையிடி தொடங்கியது. ஒருவருக்கும் சொல்லாமல் பனடோல் குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடினார். ஒருநாள் பாரம் மேலே தொங்கிக்கொண்டிருக்கையில் கண் இருண்டுவிட்டது. எப்படியோ பாரத்தைப் பக்குவமாக இறக்கிவிட்டுக் கீழே வந்து, நிலத்தில் குந்தியிருந்திருக்கிறார். ஸ்கான் எடுத்து முடிவு தெரியும்வரை மேலே ஏறக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இவருடைய பெரியப்பா இப்படித்தான் தலையிடியில் தொடங்கி, மூளைக் கட்டியில் போனவர். கட்டி என்ற சொல்லை அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. நான் குசினியில் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இவரோடு சண்டை பிடிப்பேன். பேசாமல் இருந்தால் அழுதது தெரிந்துவிடும்.

ஸ்கான் எடுத்த இடத்தில் ஒரு சீடியைக் கையில் தந்து, அறிக்கை வர ஒரு கிழமையாகும் என்றார்கள். கொழும்பில் இருக்கும் நரம்பு டொக்டரிடம் போகலாமென்றால், போகிற வழியில் தம்பலகாமத்தில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் பிடித்துக் கதைத்தேன். நல்ல மனுசி. அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கு நாலு மணிக்கு வீடியோவில் வாருங்கள், சீடியில் உள்ள படங்களைக் கணினியில் திறந்து எனக்குக் காட்டுங்கள், அதைவிட்டால் நான் வெளிநாடு போய்வரப் பத்து நாளாகும் என்றார். பத்து நாள்! நான் ஓம் ஓம் என்றேன். சீடியைத் திறப்பது என்ன பெரிய வித்தையா?

மறுநாள் காலையில் சீடியைப் போட்டேன். படம் பார்க்கும் நிரலும் அதற்குள்ளேயே இருந்தது. தட்டினேன். இதை எதனால் திறப்பது என்று கணினி என்னையே கேட்டது. அந்த நிரல் விண்டோஸுக்கு எழுதியது. அதை விளங்கிக்கொள்ளாமல் திரும்பத் திரும்பத் தட்டினேன். பிறகு பழைய பழக்கத்தில் இணையத்தில் தேடி வேறொன்றை இறக்கினேன். அதுவும் விண்டோஸுக்குரியது. பக்கத்து வீட்டுத் திறப்பைக் கொண்டுவந்து எங்கள் பூட்டில் விட்டுத் திருகுகிற வேலை. அதிலேயே மதியமாகிவிட்டது. வேறு கணினி தேடிப் போகலாமென்றால், சந்தியில் இருந்த கொமினிகேஷன் கடைக்குள் வெள்ளம் புகுந்து மூடிக்கிடந்தது. பாடசாலைக்கும் லீவு விட்டுப் பூட்டியாயிற்று. இவர் பின்னால் நின்றுகொண்டு, விடும், பத்து நாள்தானே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், சும்மா இருங்கோப்பா என்று கத்திவிட்டேன். பாவம், போய் விறாந்தைக் கதிரையில் இருந்து மழையைப் பார்த்தார்.

கொஞ்சம் ஆறிய பிறகுதான் புத்தி வேலை செய்தது. சீடிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். படம் என்று காட்டும் வால் எதுவும் பெயரில் இல்லாத கோப்புகள், வெறும் இலக்கங்கள். அவற்றுக்கு மேலே ஒரே ஒரு கோப்பு மட்டும் டைகொம் என்று தொடங்கியது. அந்தச் சொல்லைக் கொண்டுபோய் லினக்ஸ் கடையில் போட்டுத் தேடினேன். வரிசையாக வந்து நின்றன. ஒன்று ஆராய்ச்சிக்காரருக்கு. ஒன்றை எழுதியவர் அதைத் தொட்டுப் பல வருசமாகிறது. மூன்றாவதன் கீழே, மருத்துவப் படங்களைப் பார்க்க என்று ஒரே ஒரு வரி. அதுதான் எனக்கு வேண்டியது. நிறுவு என்பதை அமத்தினேன்.

மழைக்கு இணையம் ஆமையாக வந்தது. இணையம் தரும் போனைச் சிக்னலுக்காக யன்னல் கம்பியில் செருகிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவாறு இறங்கி முடிந்தது. தட்டினால் யன்னல் ஒன்று மின்னி மறைந்தது. திரும்பவும் தட்டினேன். திரும்பவும் மின்னி மறைந்தது. இப்படித் தட்டினவுடன் ஓடிப்போகிற நிரல்களைக் கறுப்புத் திரையில் பெயரை எழுதிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். எழுதினேன். தனக்கு இன்ன பகுதி வேண்டும், அது இந்தக் கணினியில் இல்லை, அதனால் நின்றுவிட்டேன் என்று அது பெயரோடு சொன்னது. மனுசரும் இப்படிச் சொன்னால் எவ்வளவு நல்லது! எங்கள் வீட்டு மனுசர் கிழமைக்கணக்கில் தலையிடியை மறைத்தவர். கேட்ட பகுதியை அதே கறுப்புத் திரையில் எழுதி ஏற்றினேன். நிரல் திறந்தது. சீடியைக் காட்டினேன்.

முதலில் கறுப்பு. நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. மவுஸ் சில்லை மெல்ல உருட்டினேன். பொட்டு வட்டமானது, வட்டம் விரிந்தது, விரிந்த வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஏதோ தெரிந்தது. அதுதான் மூளை. என் கையே நின்றுவிட்டது. பிறகு இன்னும் உருட்டினேன். மூளைக்கு நடுவே வண்ணத்துப்பூச்சிபோல ஒரு கறுப்பு, பிறகு இரண்டு கண்ணும் இரண்டு உருண்டையாக, மூக்கின் குகைகள், கடைசியில் பற்கள். திரும்ப மேலே போனேன். எங்கள் மகள் பிறந்த நாள், நான் கத்தியது, திரியாய்க் கடல், எல்லாம் இந்தச் சாம்பலுக்குள்தானே இருக்கும். எனக்குத் தெரியாமல் இவர் நினைத்ததெல்லாமும் இதற்குள்தான். இத்தனை வருசம் ஒரே தலையணையில் பக்கத்தில் கிடந்த தலை. இப்படி ஒரு ஊர் அதற்குள் இருக்குமென்று எனக்கு யார் சொன்னது? பயம் மறந்துவிட்டது. உண்மையாகவே மறந்துவிட்டது. இதை எழுதியவர் எந்த நாடோ, எந்தச் சாதியோ, இருக்கிறாரோ இல்லையோ, அவரை நினைத்துத் திரைக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போதுதான் இவர் உள்ளே வந்தார். கம்பியூட்டருக்கும் கோயில் கட்டப்போறீரோ என்றார்.

நாலு மணிக்கு டொக்டர் வந்தார். என் திரை அவருக்குத் தெரிந்தது. மெதுவாக உருட்டச் சொன்னார். மேலே, கீழே, இன்னும் கீழே. வலக் காதுக்கு மேலே வந்தபோது நிற்கச் சொன்னார். எலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிவரக் கீற்றுக் கீற்றாக வெளிச்சம். அதை நானும் முன்னமே கண்டேன்தான், படத்தில் ஏதோ பிழை என்று விட்டுவிட்டேன். இப்போது டொக்டர் அதைப் பெரிதாக்கச் சொன்னார்.

"ஐயாவுக்குத் தலையில எப்பவாவது காயம் பட்டதோ?"

"ஓம்," என்றார் இவர். "சின்ன வயசில. சண்டைக் காலத்தில, ஊரில செல் விழுந்து வெடிச்ச நேரம்."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். காதுக்கு மேலே முடிக்குள் ஒரு தழும்பு இருப்பது எனக்குத் தெரியும். கீழே விழுந்து பட்டது என்று சொல்லியிருந்தார். இவருடைய ஐந்து வயதுத் தம்பி ஒருவன் செல்லில் செத்துப்போனதும் தெரியும். அந்த ஒரு வரிக்கு மேல் ஒருநாளும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தச் செல் இவரிலும் பட்டது என்பதை என் வீட்டுக் கணினிக்கு முன்னால் இருந்து அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அது இரும்புத் துண்டு என்றார் டொக்டர். எலும்பில் குத்தி அங்கேயே நின்றுவிட்டது, உள்ளே போகவில்லை, இத்தனை வருசம் பேசாமல் இருந்தது இனியும் இருக்கும், எந்தக் காலத்திலும் எம்.ஆர்.ஐ. என்கிற காந்த ஸ்கானுக்கு மட்டும் போகக்கூடாது. தலையிடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இரத்தப் பிறசர்தான் காரணம் போலிருக்கிறது, மருந்து எழுதுகிறேன் என்றார். பிறகு, "மூளையில ஒண்டும் இல்லை, அம்மா, பயப்பிடாதேங்கோ," என்றார். வேறொரு நாளென்றால் அந்த வசனத்துக்கு என்னிடம் பத்துப் பகிடி இருந்திருக்கும். அன்றைக்கு டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கவே வாய்விட்டு அழுதேன்.

அழைப்பு முடிந்த பிறகும் இவர் எழும்பவில்லை. அந்தப் படத்தைத் திருப்பி எடும் என்றார். எடுத்தேன். எலும்பின் வெள்ளை வளையத்தில் அது ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த மெல்லிய வளையம் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் எனக்கு இந்த மனுசன் இல்லை, மகளும் இல்லை. எவ்வளவு பெரிசு என்று கேட்டார். நிரலில் அளக்கிற கோல் ஒன்று இருந்தது. அதால் இழுத்து அளந்து பார்த்தேன். மூன்று மில்லிமீற்றர்கூட வரவில்லை, ஒரு அரிசிக் குறுணிதான். இவர் திரைக்குக் கிட்ட வந்து, விரலைத் தொட்டும் தொடாமலும் அதன்மேல் வைத்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"தம்பிக்கு எங்க பட்டதெண்டு அம்மா தேடித் தேடிப் பாத்தவ. சட்டையைக் கழட்டிப் பாத்தவ, தலைமயிரை விலக்கி விலக்கிப் பாத்தவ. கடைசிவரைக்கும் அவவுக்குக் காயம் தெரியேல்லை. இவ்வளவு சின்னனெண்டா, அவ எப்பிடிக் காணுறது?"