இருபது இலை, ஒரே கிழங்கு

நரிவெங்காயம் என்ற கிழங்குச் செடியின் மரபணு ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு. நயினார்கோவில் தரிசில் பறித்த இருபது இலைகளும் இருபது விதமாக இருந்தன. அக்காள்மடத்து மணல்மேட்டில் பறித்த இருபதும் அச்சு அசலாக ஒன்றாகவே வந்தன.

"ஒரே செடியில பறிச்சு இருபது கவர்ல போட்டிருக்கீங்க" என்றார் என் பேராசிரியர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மழை ஓய்ந்த மணலில் செடிக்குச் செடி குச்சி நட்டு, எண் எழுதிப் பறித்தவள் நான்.

மறுநாளே அங்கே போனேன். குச்சிகள் அப்படியே நின்றன. பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கால் ஆணிக்குச் சுட்டு வைக்கப் பெரிய கிழங்கத் தோண்டுவோம். ஒட்டியிருக்க குட்டிக் கிழங்க அங்கன இங்கன ஊண்டிட்டுத்தான் வருவோம். ஆத்தா காலத்துலருந்து அதான் வழக்கம்."

மேடு முழுக்க ஒரே கிழங்கின் குட்டிகள்; விதையில் முளைக்காததால் மரபணுவும் ஒன்றே. காட்டுச்செடி என்று நாங்கள் எழுதிவைத்திருந்ததைப் பரப்பியவர்கள் இவர்கள்.

"அப்ப, நட்டது நாங்கதான்னு எழுதிக்க தாயி" என்றார்.

என் ஆய்வேட்டில் அக்காள்மடம் பற்றிய அத்தியாயம் அவர் சொன்ன அந்த வரியோடுதான் தொடங்குகிறது. பக்கத்துக்குப் பக்கம் திருத்திய பேராசிரியர் அந்த வரியில் மட்டும் பேனா வைக்கவில்லை.