கறுத்த பசுவுக்கு வாங்கின பவுடர்

மாட்டுக்குத் தாது உப்புப் பவுடர் விக்கிற பொழப்பு எதிரிக்கும் வேணாங்க. தின்கிற மாடு பேசாது, வாங்குற ஆளு பேச்சை நிறுத்த மாட்டாரு. விதை, உரம், பூச்சிமருந்துன்னு பையைத் தூக்கிட்டு ஊர் ஊரா அலையுற நம்ம ஆளுகளுக்குச் சொன்னாப் புரியும்.

சுவரை நக்குன மாடு

எழுமலைப் பக்கம் சின்னச்சாமி அண்ணன் வீட்டுல ரெண்டு பசு. செவலை கறந்துக்கிட்டிருந்துச்சு. கறுத்ததுக்குப் பால் வத்திருச்சு, எத்தனை ஊசி போட்டும் சினை பிடிக்கல. நான் போன நேரம் அது சுண்ணாம்புச் சுவரை நக்கிக்கிட்டு நிக்கிது. கறுப்பு முடியெல்லாம் செம்பட்டை பாஞ்சு கெடக்கு. மேயுற தரிசு மண்ணுல தாதுச் சத்து இருக்காதுண்ணே, மண்ணுல இல்லைன்னா புல்லுலயும் இருக்காது, மாட்டுக்கும் வராதுன்னு சொன்னேன்.

அவரு கறுத்ததை விக்கத் தரகர்கிட்ட பேசி முடிச்சிட்டாராம். அடிமாடாத்தான் போகும். அவரு பொண்டாட்டி பாண்டியம்மா அக்கா முந்தானையால கண்ணைத் துடைச்சதைப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. இந்தப் பவுடரைக் கறுத்ததுக்கு வச்சுப் பாருங்க, பொங்கல் வரைக்கும் பொறுங்கண்ணேன்னு கெஞ்சி ஒரு பாக்கெட்டை வாங்க வச்சேன்.

"பொறுக்குறேன் தம்பி. அப்பவும் சினை பிடிக்கலைன்னா நீயே வந்து வண்டியில ஏத்திவிடணும்."

டெஸ்டுக்குப் போன மண்ணு

தரிசு மண்ணு கொஞ்சம் குடுங்க, டெஸ்டுக்கு அனுப்புவோம்னேன். குடுத்தாரு. ரிசல்ட்டைப் பாத்தா எல்லாச் சத்தும் அம்புட்டு இருக்கு. இந்த மண்ணுல மேஞ்ச மாடு எதுக்குச் சுவரை நக்கணும்? நேர்ல போயிக் கேட்டா, குப்பைக்குழிக்குப் பக்கத்துல எடுத்த மண்ணாம். சலிச்சு வேற குடுத்திருக்காரு!

நானே மம்பட்டியோட தரிசுக்குப் போயி மண்ணெடுத்து அனுப்பினேன். செம்பும் துத்தநாகமும் ரொம்பக் குறைச்சல்னு வந்துச்சு. அண்ணன் அசரவே இல்ல.

"வெளியூருக்குப் போற மண்ணு தம்பி, நல்லதாப் பாத்துத்தானே குடுக்கணும்?"

காலி பாக்கெட்

மார்கழியில எட்டிப் பாத்தேன். பாக்கெட் காலி. கறுத்தது அதே செம்பட்டையோட அதே சுவரை நக்குது. செவலை மட்டும் மினுமினுன்னு நிக்கிது. விசாரிச்சா, அம்புட்டுப் பவுடரையும் அக்கா கழனித்தண்ணியில கலக்கிச் செவலைக்கே வச்சிருக்கு. பொங்கலோ வாசல்ல நிக்கிது. சாகப் போறது ஒண்ணு, தின்னது இன்னொண்ணா, அக்கான்னு கத்திட்டேன்.

"கறக்குற மாட்டை விட்டுட்டு, சும்மா நிக்கிற மாட்டுக்கு எப்படித் தம்பி வைக்கிறது?"

தனி வாளி

பொங்கல் முடிஞ்சதும் தரகர் வண்டியோட வந்துட்டாரு. அக்கா கட்டுத்தறியை விட்டு நகரல. கறுத்ததுக்குப் பவுடரே வைக்கல, தப்பு என்மேலன்னு புருசன்கிட்ட சொல்லிருச்சு. மாட்டை அவுத்தா நானும் கூடவே வண்டியில ஏறிருவேன்னும் சொல்லுச்சாம். தரகர் வெறும் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போனாரு.

அன்னியிலேருந்து கறுத்ததுக்குத் தனி வாளி. மெல்ல மெல்ல முடி கறுத்துச்சு. பருவத்துக்கு வந்ததும் ஊசி போட்டாங்க. பிறகு டாக்டர் கையை விட்டுப் பாத்து, சினைதான்னு சொன்னப்ப நான் அந்த மாட்டையே கும்பிட்டுட்டேன். அம்புட்டு சந்தோசம். அக்கா சிரிச்ச முகமா டீ கொண்டாந்து குடுத்துட்டுக் கேட்டுச்சு.

"அதான் சினை பிடிச்சிருச்சுல்ல தம்பி, இனி பவுடரை நிப்பாட்டிரட்டுமா?"

நம்ம சரக்கு வேலை செஞ்சா அன்னியோட நம்ம யாவாரம் முடிஞ்சிரும்னு கம்பெனி ட்ரெயினிங்ல ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரலைங்க.