கயிறும் சங்கிலியும் சேர்ந்த இடம்

தொண்ணூறுகளின் ஒரு கோடையில் எங்கள் வீட்டில் தூது போகும் வேலை எனக்குக் கிடைத்தது. அம்மா பிறந்த ஊர்க் கோயில் நோம்பிக்கு அப்பா வராமல் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே நின்றுகொண்டே என் மூலமாகத்தான் பேசுவார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பதவி ஏது?

அப்போது பார்த்து, கிணற்றின் அடியில் குழாய் முனையில் தண்ணீர் உறிஞ்சும் ஃபுட்வால்வ் சேற்றில் அடைத்துக்கொண்டது. மோட்டார் வெறுமனே உறுமியது. வெள்ளகோவில் பக்கத்து வெயிலில் காடு முழுக்கச் சின்ன வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கியே ஆக வேண்டும். கிணற்றில் படி பாதியோடு நின்றுவிடும். கீழே வெறும் பாறை. பாறையில் உரசினால் கயிறு அறுந்துவிடும் என்பதால், உட்காரும் பலகையைச் சங்கிலியில் மாட்டி, சங்கிலியின் மறுமுனையில் வடக்கயிற்றைச் சேர்த்து, கப்பி வழியாக மாடுகளைப் பூட்டி இறக்குவார்கள். பழைய கயிறு இற்றுப்போயிருந்தது. அப்பா புதுக் கயிற்றைக் கொண்டுவந்து தேங்காய்ப் பருமனுக்கு ஒரு முடிச்சுப் போட்டார்.

"கண்ணு, முடிச்சு கப்பியில சிக்கிக்கும்னு உங்கப்பங்கிட்டச் சொல்லு" என்றாள் அம்மா.

"வேற எப்படிப் போடறதாம்னு உங்கம்மாளைக் கேளு அம்மணி" என்றார் அப்பா.

அம்மா கயிற்றைத் தன் பக்கம் இழுத்தாள். முடிச்சை அவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் பிறந்தது பவானிக் கரையில். படகு கட்டும் சங்கிலியில் கயிறு கோப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கயிற்று நுனியை மூன்று புரியாகப் பிரித்து, சங்கிலியின் கடைசி வளையத்தில் நுழைத்துத் திருப்பினாள். அகப்பைக் காம்பால் கயிற்றின் முறுக்கை நெகிழ்த்தி, ஒவ்வொரு புரியாக உள்ளே செருகி, காலால் மிதித்து இழுத்தாள். செருகச் செருக நுனிகள் கயிற்றுக்குள்ளேயே மறைந்துபோயின. முடிச்சே இல்லை! தடவித் தடவிப் பார்த்தேன், முடிந்த இடம் தெரியவில்லை. எனக்குச் சடை பின்னும் விரல்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்பா வேட்டி மாற்ற வீட்டுக்குப் போனார். உடனே அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மாடுகளைப் பிடித்திருந்த பெரியப்பா பதறினார்.

"வேண்டாம் அம்மணி, சொன்னாக் கேளு."

"நீங்க உடுங்க மாமா."

அவள் இறங்க இறங்க, கயிறும் சங்கிலியும் சேர்ந்த இடம் கப்பியைச் சத்தமில்லாமல் தாண்டியது. ஆழத்தில் அம்மா மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொறாமையாகவும் இருந்தது. மேலே வந்ததும், "உங்கப்பங்கிட்ட மூச்சு உடாதே" என்றாள்.

அப்பா வந்தார். "தாங்குமான்னு கேளு."

"தாங்கும்னு சொல்லு."

அப்பா இறங்கிச் சேற்றை வழித்துவிட்டு ஏறி வந்தார். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பா, அம்மா மட்டும் மொதல்லயே கெணத்துல ஊஞ்சலாடிட்டு வந்துச்சு. என்னையக் கூட்டிட்டே போகல."

தலை துவட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. என்னைத் தாண்டி நேராக அம்மாவைப் பார்த்தார்.

"அறுந்திருந்தா என்ன புள்ள பண்ணுவே?"

"அதுக்குத்தானுங்க நான் மொதல்ல போனேன்."

என் புகாரை யாரும் விசாரிக்கவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். என்னிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலை எதனால் பறிபோனது என்று புரியாமல், அம்மாவோடு நான் ரொம்ப நாள் பேசவில்லை.