பதினெட்டாவது முறை

அம்மாவின் தோல் அரிப்புக்கு ஆயுர்வேதப் பேதி மருந்து நல்லது என்று வற்புறுத்தியது நான்தான். ஒரு வாரம் மருந்து நெய் குடித்த பிறகு, புனே ஹடப்சரில் எங்கள் ஃபிளாட்டிலேயே பேதிக்குக் கொடுத்தோம். எத்தனை முறை போகிறது என்று எண்ணச் சொல்லியிருந்தார் வைத்தியர். நான் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போனில் குறித்துக்கொண்டிருந்தேன்.

"போதும்டி, காலெல்லாம் நடுங்குது."

"இன்னும் மூணுதாம்மா, ரவுண்டா இருபது!"

பதினெட்டாவது முறை உள்ளே போன அம்மா, நான் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை. தாழ்ப்பாளை உடைத்தபோது தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள்.

இப்போதெல்லாம் அம்மா தாழ்ப்பாள் போடுவதில்லை. ஆனாலும் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால், மீட்டிங்கை விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுவிடுகிறேன்.

"ஒண்ணுதான்டி," என்கிறாள் உள்ளேயிருந்து.