குளிப்பாட்டப் போனவள்

எங்கள் உப்பளம் பேட்டையில் பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தேடுவது அஞ்சலாட்சியைத்தான். காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டு, சூடு பார்த்து வெந்நீர் ஊற்றுவாள். என் பிள்ளைகள் இரண்டும் அவள் காலில் குளித்தவைதான். தனக்கென்று அவளுக்குப் பிள்ளை இல்லை. அம்மா போனபின் தங்கை பூர்ணிமாவை வளர்த்து ஆளாக்கி, பிரெஞ்சுக் குடியுரிமைக்கார மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துப் பாரிசுக்கு அனுப்பியதும் அவள்தான்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பூர்ணிமாவுக்குப் பிள்ளை பிறந்தது. "அக்கா, நீ வந்து மூணு மாசம் குளிப்பாட்டிட்டுப் போ. ஏர்போர்ட்ல கேட்டா மட்டும் சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லு" என்றாள். அழைப்புக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதினாள். அஞ்சலாட்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு நாளாவது காலில் போட்டுக் குளிப்பாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பாரிஸ் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அவளைத் தனி அறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே விடவும் திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பெட்டியைத் திறந்தார். வசம்பு, சாம்பிராணி, பிரசவ லேகியம். இதெல்லாம் எதற்கு என்று மொழிபெயர்க்க வந்த தமிழர் கேட்டார்.

"பச்சப்புள்ளைக்குங்க. ஊர்ல எனக்கு அதான வேல."

"இங்கயும் அதச் செய்யத்தான் வந்தீங்களா?"

"பின்ன, என் தங்கச்சி புள்ளைய நான் குளிப்பாட்டாம யாரு குளிப்பாட்டுவா?"

பைத்தியக்காரி. சொல்லிக்கொடுத்த பொய்யை அவள் மறக்கவில்லை. சொந்தத் தங்கச்சி பிள்ளையைக் குளிப்பாட்டுவதைப் போய் மறைப்பானேன் என்று நினைத்தாளாம்.

அதிகாரி பூர்ணிமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் பிரெஞ்சில் படபடவென்று பேசினாள். தமிழர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சுத்திப் பாக்கத்தான் கூப்பிட்டாங்களாம். நீங்க வேல தேடி வந்திருந்தா அது அவங்களுக்குத் தெரியாதாம். அவங்கள இதுல இழுக்க வேணாங்கிறாங்க." போனில் பிள்ளை அழும் சத்தமும் கேட்டதாம்.

கேஸாகிவிடும் என்ற பயத்தில் அப்படிப் பேசிவிட்டதாக அப்புறம் என்னிடம் அளந்தாள் பூர்ணிமா. பயமாம் பயம். 'நான்தான் எங்க அக்காவ வரச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லையே, பாவி. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சுற்றுலா விசாவில் வேலை செய்ய வந்தவள் என்று எழுதி, அதிகாரி அனுமதி மறுத்த தாளை நீட்டினார். யாரைப் பார்க்க வந்தாளோ அவருக்குத் தகவல் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, இங்கிருந்தே பேசலாம் என்று விளக்கினார் தமிழர்.

"எனக்கு இங்க யாரும் இல்லீங்க," என்றாள் அஞ்சலாட்சி. "ஊருக்கு அனுப்பிடுங்க."