வெளிச்சம் இருக்கிறது, ஓட்டம் இல்லை

விஜயதசமி அன்று காலை, தெமோதரைக்கு மேலே உள்ள ஏற்றத்தில், ஒரு மோட்டார் வண்டி இரண்டு விளக்கும் எரிய நின்றுகொண்டிருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். முன்ஸீட்டில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான். பார்த்துவிட்டுப் பேசாமல் போனவர்களுக்கு நன்றி. பேசிவிட்டுப் போனவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

வண்டி என்னுடையதல்ல. பென்ஷனில் மோட்டார் வாங்க முடியுமா என்ன? பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முத்தையா பிள்ளையுடையது. அவர் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளையும் பெற்றோரும் கொழும்பிலிருந்து ராத்திரி மெயிலில் வருகிறார்கள். ரயிலோ இன்னும் பண்டாரவளைக்கு அப்பால் வருவதில்லை. போய்த்தான் அழைத்துவர வேண்டும்.

பிள்ளை வண்டி ஓட்டினார். பின்னால் அவர் மனைவி மீனாட்சியம்மாள். மடியில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வைத்த தாம்பாளம். எனக்கு என்ன வேலை என்கிறீர்களா? மாப்பிள்ளையின் தகப்பனார் இங்கிலீஷ் பேசுகிறவராம். அரசாங்கக் கச்சேரியில் தலைமை கிளார்க்காக இருந்தவன் ஒருவன் கூட இருந்தால் கௌரவம். தவிர, மோட்டாரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிள்ளைக்குப் படித்துச் சொன்னவனும் நான்தான்.

நல்ல பனிமூட்டம். விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினோம். பாதி ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை இருமியது. அப்புறம்… நின்றுவிட்டது.

"ஐயா, புத்தகம் என்ன சொல்லுது?" என்றார் பிள்ளை.

புத்தகம் சொன்னபடியே செய்தோம். விளக்கு எரிகிறதா? எரிகிறது. ஆகவே பாட்டரி யோக்கியம். ஸ்டார்ட்டரை மிதித்தோம். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பொறி பறந்தது. பெட்ரோல்? காலையில் என் கண்முன்னால்தான் மூடி வரை நிரப்பினார்கள். டாங்க் மேலே, இன்ஜின் கீழே. இறங்க வேண்டியதுதானே அதன் கடமை? ஆகவே பெட்ரோலும் யோக்கியம்.

எல்லாம் யோக்கியம். வண்டி மட்டும் நகரவில்லை.

நம் ஊர்ச் சங்கங்கள் நினைவுக்கு வருகின்றனவா? தலைவர் இருக்கிறார், காரியதரிசி இருக்கிறார், மேடையில் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிகின்றன. போன வருஷம் நின்ற இடத்திலேயே இந்த வருஷமும் நிற்கிறோம் — கழுத்தில் மாலையோடு.

பனி விலகியது. மேலே தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நாங்கள் நன்றாகத் தெரிய ஆரம்பித்தோம். பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது போல. காலுதான் வரல" என்றாள் ஒருத்தி.

"பட்டு வேட்டிக்காரரு மாவாட்டுறாரு, பேசாம கொழுந்த பறிடி" என்றாள் இன்னொருத்தி.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பின்னாலேயே வந்தது ஒரு குதிரை வண்டி. மீனாட்சியம்மாளின் அண்ணன், சோமசுந்தரம். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறது. இந்தக் கொழும்பு வரனின் மேல் அவருக்கும் ஒரு கண் உண்டு.

"என்ன மச்சான், வண்டி மூச்சு வாங்குதா?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஆற வெச்சிருக்கோம்" என்றார் பிள்ளை, வேர்வையைத் துடைத்தபடி.

"ஆறட்டும், ஆறட்டும். பாவம், மாப்பிள்ளை வீட்டுக்காரவுங்க ஸ்டேஷன்ல பனியில நிக்கப்படாது பாருங்க. நான் ஏத்திக்கிட்டுப் போயி நம்ம வீட்டுல காப்பி குடுத்து வைக்கிறேன். நீங்க நிதானமா வாங்க." மோட்டாரை விளக்கிலிருந்து சக்கரம் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மீனாட்சியம்மாள் வண்டியிலிருந்து இறங்கினார்.

"காப்பிய யாரு கையால குடுப்பாரு தெரியுமா? அவரு மக கையால. அப்புறம் நம்ம புள்ளைய எவன் பாக்க வருவான்? நீங்க ரெண்டு பேரும் விளக்கையே பாத்துக்கிட்டு நில்லுங்க."

"பொறி வருதே, மீனாட்சி" என்றார் பிள்ளை பரிதாபமாக.

"பொறி எனக்குந்தான் வருது. எங்கண்ணன் பாத்த பார்வை அப்படி. நேத்து வெச்ச பொட்டெல்லாம் காஞ்சு கெடக்கு. தொடச்சிட்டுப் புதுசா வெச்சாத்தான் இது ஓடும்."

முந்தின நாள் ஆயுத பூஜை. ஜவுளிக்கடையில் முழக்கோலிலிருந்து கத்தரிக்கோல் வரை எதுவும் சந்தனத்துக்குத் தப்பவில்லை. மோட்டார் மட்டும் தப்புமா? விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. கண்ணாடிக்கு முன்னால் பளபளக்கும் பித்தளை மூடிக்கு, நட்டநடுவில், தாராளமாக ஒன்று.

அம்மாள் முந்தானையை நனைத்து அந்த மூடியைத்தான் முதலில் தேய்த்தார். போகாததைக் கொண்டை ஊசியால் சுரண்டினார். உஸ்ஸ்… என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து யாரோ நெடுமூச்சு இழுத்ததுபோல.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது பெட்ரோல் டாங்கின் மூடி. நடுவில் ஊசித் துவாரம் ஒன்று உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். துவாரத்தை நேற்றைய சந்தனம் சிமெந்துபோல் அடைத்திருக்கிறது!

"பிள்ளைவாள், சுத்துங்க" என்றேன். இரண்டு சுற்று. வண்டி உறுமியது. மலைமேல் குலவைச் சத்தம்.

"பாத்தீங்களா?" என்றார் மீனாட்சியம்மாள். "எல்லாம் திருஷ்டி."

"அது இல்லம்மா. காத்து போற துவாரம்…" என்று நான் தொடங்கினேன். யார் கேட்டார்கள்? அவர் அதற்குள் கிண்ணத்தில் விரல் நிறையச் சந்தனம் எடுத்து, அதே மூடியை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

மறுபடி வைத்தால் அடுத்த ஊரான எல்லச் சந்திக்குப் போவதற்குள் நிற்போம். நிறுத்த வேண்டும். விஞ்ஞானம் எடுபடவில்லை. கச்சேரியில் கற்ற பாடம் ஒன்றுதான் கைகொடுத்தது: இல்லாத விதியை உறுதியான குரலில் சொன்னால் யாரும் மூலத்தைக் கேட்பதில்லை.

"அம்மா, அது எண்ணெய் குடிக்கிற வாய். வாயில பொட்டு வைக்கலாமா? சாஸ்திரம் நெத்தியிலன்னுதானே சொல்லுது."

விரல் அந்தரத்தில் நின்றது. "ஆமாங்க… மொதல்லயே சொல்லப்படாதா ஐயா?" என்று கேட்டு, முன்பக்கம் பானட்டின் உச்சியில், பௌர்ணமி நிலா அளவுக்கு ஒன்று வைத்தார்.

பண்டாரவளை ஸ்டேஷனுக்கு நாங்கள் போனபோது சோமசுந்தரம் முந்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெட்டியெல்லாம் குதிரை வண்டியில். மாப்பிள்ளையின் தாயார் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. நான் தகப்பனாரிடம் என் மிக உயர்ந்த இங்கிலீஷில் காலை வணக்கம் சொன்னேன். அவர் பதில் வணக்கம் சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். தீர்ப்பு எங்கேயிருந்து வரும் என்பது தெரிந்தவர் போலிருக்கிறது.

அந்த அம்மாள் எங்கள் மோட்டாரைப் பார்த்தார். பானட்டைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரன் வண்டிக்கும் பொட்டு வெச்சிருக்காங்க பாருங்க" என்றார் கணவரிடம். "நாம இதுலயே போவோம்." காலை எடுத்துவிட்டார்.

தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

மூடியின் துவாரம், காற்று, பெட்ரோல் இறங்கும் முறை எல்லாவற்றையும் சம்பந்திகளுக்கு விளக்கமாக எடுத்துச் சொல்லலாம்தான். எனக்கென்ன, பைத்தியமா?